தாய்லாந்துல இங்கிலீஷ் டீச்சர் வேலை: ஒண்ணுக்கு மேல ஸ்கூல்ல பாடம் எடுத்தா பெர்மிட் என்ன ஆகும்? நம்ம ஊர் ஆளுங்க அடிக்கடி கேட்குற கேள்விகள்

கீழக்கரைக்கும் பாங்காக்குக்கும் ரத்தினக்கல் வியாபாரத்துல ரொம்ப காலத்து தொடர்பு, இது எல்லாருக்கும் தெரியும். இப்ப கொஞ்ச வருஷமா கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் பி.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடிச்ச பிள்ளைங்க அங்க ஸ்கூல் வேலைக்கும் போறாங்க. நான் அங்க ஸ்கூல்ல வேலை பார்த்துட்டு ஊருக்கு வந்தவன்ங்கிறதால கல்யாண வீட்டுல, டீக்கடையில, ராத்திரி வாட்ஸ்அப்லன்னு கேள்வி வந்துக்கிட்டே இருக்கு, பெரும்பாலும் அதே கேள்விங்கதான். அதான் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டுருக்கேன், காக்கான்னா எங்க பக்கம் அண்ணன்.

காக்கா, தாய்லாந்து போக விசாவே வேண்டாம்ங்கிறாங்களே, அப்புறம் எதுக்கு பெர்மிட்?

விசா இல்லாம விடுறது சுத்திப் பார்க்கப் போறவங்களுக்கு. வேலைக்குப் போறவங்களுக்கு ரெண்டு பேப்பர் வேணும், ரெண்டையும் குடுக்குறது வேற வேற ஆபீஸ். ஒண்ணு நான்-இமிகிரன்ட் பி விசா, சுருக்கமா நான்-பி. இது நாட்டுக்குள்ள தங்குறதுக்கு, இமிகிரேஷன் கையில இருக்கு. இன்னொண்ணு ஒர்க் பெர்மிட், அது தொழிலாளர் அமைச்சகத்துக்குக் கீழ இருக்குற வேலைவாய்ப்புத் துறை குடுக்குறது. விசா இருந்து பெர்மிட் இல்லாட்டி கிளாஸுக்குள்ள போகக் கூடாது, பெர்மிட் இருந்து விசா முடிஞ்சு போச்சுன்னா நாட்டுலயே இருக்கக் கூடாது.

நான்-பி விசாவுல இறங்கும்போது 90 நாள் குடுப்பாங்க, அதுக்குள்ள ஸ்கூல் பெர்மிட் எடுத்து, அதை வச்சு இமிகிரேஷன்ல ஒரு வருஷம் நீட்டிக்கணும். நீட்டிக்க 1,900 பாத் (பாத்ங்கிறது தாய்லாந்து காசு), பெர்மிட்டுக்கு வருஷத்துக்கு 3,000 பாத், அப்ளிகேஷனுக்கு 100. இதுக்கு மேல "அரசாங்க ஃபீஸ்"னு யாராவது பெரிய தொகை கேட்டா ரசீது கேளுங்க.

டூரிஸ்டா வந்துரு, இங்க வந்து மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொல்றாரே அண்ணே, வரலாமா?

உள்ள போய் நான்-பிக்கு மாத்துற வழி ரூல்ஸ்ல இருக்கு, தங்குற அனுமதியில குறைஞ்சது 15 நாளாவது மிச்சம் இருக்கணும், ஸ்கூல் பேப்பர் எல்லாம் ரெடியா இருக்கணும். அதனால அவர் சொல்றது முழுப் பொய்யின்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த மாத்துற வேலை முடியுற வரைக்கும் நீங்க டூரிஸ்ட்தான், டூரிஸ்ட் பாடம் எடுக்கக் கூடாது. ஏஜென்ட் என்ன பண்ணுவார்னா திங்கக்கிழமை ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டுப் போய் செவ்வாய்க்கிழமை கிளாஸ்ல நிப்பாட்டிருவார், "பேப்பர் போய்க்கிட்டு இருக்கு"ன்னு ஒரு வார்த்தையோட.

என்னைக் கேட்டா ஊர்ல இருந்தே நான்-பி எடுத்துட்டுப் போங்க. இப்ப அப்ளிகேஷன் ஆன்லைன்ல ஈ-விசாவா ஆயிடுச்சு, நம்ம பக்கத்துக்கு சென்னை தாய்லாந்து துணைத் தூதரகம். ஸ்கூல்காரங்க அங்க இருந்து லெட்டர் குடுக்கலைன்னா இது நடக்காது, லெட்டர் குடுக்க யோசிக்கிற ஸ்கூல் பெர்மிட்டுக்கும் யோசிக்கும்.

நம்ம ஊர் டிகிரி அங்க செல்லுமா? நமக்கு இங்கிலீஷ் தாய்மொழி இல்லையே

செல்லும். டிகிரி கண்டிப்பா வேணும், அது எந்தப் பாடமா இருந்தாலும் டிகிரி இல்லாம வழக்கமான ஸ்கூல்ல கதவு திறக்காது. பி.எட். இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா குருசபான்னு அங்க ஆசிரியர் கவுன்சில் ஒண்ணு இருக்கு, அவங்க டீச்சர் லைசென்ஸ் கேட்பாங்க, இல்லாதவங்களுக்கு 2 வருஷத்துக்கு தற்காலிக அனுமதி குடுப்பாங்க. தாய்மொழி இங்கிலீஷ் இல்லாதவங்ககிட்ட டோயிக் இல்ல ஐஈஎல்டிஎஸ்னு இங்கிலீஷ் பரீட்சை ஸ்கோர் கேட்பாங்க, டோயிக்ல பொதுவா 600.

போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்டும் வேணும். பாஸ்போர்ட் சேவா சைட்ல அப்ளை பண்ணணும், நம்ம ராமநாதபுரம் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் ஆபீஸ் கீழ வருது. பாஸ்போர்ட்ல ஒரு அட்ரஸ், இப்ப இருக்குறது வேற அட்ரஸ்னா அதை முதல்ல சரி பண்ணிருங்க, வெரிஃபிகேஷன் அங்கதான் சிக்கும். டிகிரி அட்டஸ்டேஷன், அதாவது டிகிரி உண்மைதான்னு முத்திரை வாங்குறது, எந்த வகையில வேணும்னு ஸ்கூல்கிட்ட எழுத்துல கேட்டுட்டு அப்புறம் காசு செலவு பண்ணுங்க.

பெர்மிட்ல ஒரு ஸ்கூல் பேருதான் இருக்கு. அதே ஸ்கூலோட இன்னொரு கிளைக்கு வாரத்துல ரெண்டு நாள் போகச் சொல்றாங்க, போகலாமா?

இதுக்கு பழைய ரூல் ஒண்ணு, புது ரூல் ஒண்ணு இருக்குறதாலதான் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முன்னாடி பெர்மிட்ல முதலாளி பேரு, வேலை, வேலை பார்க்குற இடம் மூணும் அச்சடிச்சிருக்கும், அந்த இடத்தை விட்டு அடுத்த பில்டிங்ல பாடம் எடுத்தாலும் தப்பு, இடம் சேர்க்கணும்னா தனியா அப்ளை பண்ணணும். 2017ல புது அவசரச் சட்டம் வந்துச்சு, அபராதமெல்லாம் ரொம்ப கூட இருந்துச்சு, 2018ல அதைத் திருத்துனாங்க. அந்தத் திருத்தத்துல இந்த இடக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க. இப்ப முக்கியமா பார்க்குறது யாருக்கு வேலை பார்க்குற, என்ன வேலை பார்க்குற, அந்த முதலாளியோட விலாசம் என்ன, இந்த மூணும்தான். புது முதலாளின்னா வேலை தொடங்குன 15 நாளுக்குள்ள வேலைவாய்ப்புத் துறை ஆபீஸ்ல தெரிவிக்கணும்.

அதனால முதலாளி ஒண்ணுதான், வேலையும் அதே இங்கிலீஷ் டீச்சர்தான், கிளை மட்டும் வேறன்னா பெரிய பிரச்சினை இல்லை. ஆனா ஒரு விஷயத்தை நல்லா பாருங்க: பேர்ப் பலகை ஒரே மாதிரி இருக்குறதால ஒரே முதலாளின்னு ஆயிடாது. ஒரே குடும்பம் நடத்துற ரெண்டு ஸ்கூல் ரெண்டு லைசென்ஸ்ல இருக்கலாம், அப்ப சட்டப்படி ரெண்டு முதலாளி. உங்க பெர்மிட்டை எடுத்து முதலாளின்னு போட்டிருக்குற வரியில போன் கேமராவைக் காட்டி ட்ரான்ஸ்லேட் பண்ணிப் பாருங்க, அப்புறம் கிளையோட வாசல்ல இருக்குற லைசென்ஸ் பேரையும் அப்படியே பாருங்க. ரெண்டும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இல்லைன்னா ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க. குருசபா தற்காலிக அனுமதியும் ஸ்கூல் பேர்லதான் வருது, அதையும் சேர்த்துக் கேளுங்க.

உங்க பெர்மிட்ல இடமும் அச்சாயிருந்துச்சுன்னா, இல்ல மாகாண வேலைவாய்ப்பு ஆபீஸ்ல "கிளையையும் சேர்த்துக்கோ"ன்னு சொன்னா, சட்டம் பேசிக்கிட்டு நிக்காம சேர்த்துருங்க. ஒவ்வொரு மாகாண ஆபீஸும் கொஞ்சம் வேற மாதிரி நடத்துவாங்க, கவுன்ட்டர்ல இருக்குறவங்க சொல்றதை ஒட்டிப் போறதுதான் நமக்கு நிம்மதி.

ஏஜென்சி மூலமா போறேன் காக்கா. திங்கள் செவ்வாய் ஒரு ஸ்கூல், புதன் வேற ஸ்கூல், வியாழன் வெள்ளி இன்னொண்ணு. யாரு என் முதலாளி?

இந்தக் கேள்விய கேட்டுட்டுப் போறவன் பாதிக் கஷ்டத்தை தாண்டிட்டான். அங்க ரெண்டு விதமா நடக்குது. ஒண்ணு, ஏஜென்சி உங்களுக்கு சம்பளம் மட்டும் குடுக்கும், விசாவும் பெர்மிட்டும் ஒரு ஸ்கூல் பேர்ல இருக்கும். அப்ப அந்த ஸ்கூல்ல வேலை பார்க்குறது சரி, மத்த ரெண்டு ஸ்கூலும் வேற முதலாளி, அவங்களையும் தெரிவிக்காம அங்க பாடம் எடுக்கக் கூடாது. இன்னொண்ணு, பெர்மிட் ஏஜென்சி பேர்லயே இருக்கும், ஏஜென்சிதான் உங்களை ஸ்கூல் ஸ்கூலா அனுப்பும். இதுல முதலாளி ஒண்ணுதான், ஆனா பெர்மிட்ல வேலைன்னு என்ன போட்டிருக்குன்னு பாருங்க, "டீச்சர்"னு இல்லாம கன்சல்டன்ட், கோஆர்டினேட்டர்னு போட்டு கிளாஸ்ல நிப்பாட்டுனா அது நீங்க வாங்குன உரிமைக்கு வெளிய வேலை பார்க்குற கணக்கு. வழக்கமான ஸ்கூல் கிளாஸ்னா குருசபா கேள்வியும் வரும்.

கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடுறவர், சம்பளம் போடுறவர், பெர்மிட்ல இருக்குறவர் மூணு பேரும் ஒருத்தரா இருந்தா நிம்மதி. வேற வேறன்னா ஏன்னு எழுத்துல வாங்குங்க. டைம்டேபிளை போட்டோ எடுத்து வச்சுக்கங்க, எந்த நாள் எந்த ஸ்கூல்னு அதுல இருக்கும், பின்னாடி "நாங்க அனுப்பவே இல்லை"ன்னு சொன்னா அதுதான் உங்க கையில இருக்குற சாட்சி.

ஸ்கூல் மூணரைக்கு முடிஞ்சுரும். சாயங்காலம் ஒரு லாங்குவேஜ் சென்டர்ல கூப்பிடுறாங்க, போனா என்ன?

போகலாம், ஆனா முறைப்படி. ரெண்டாவது முதலாளியையும் பெர்மிட்ல ஏத்தணும். அந்த சென்டர் உங்களை வேலைக்கு வச்சிருக்கேன்னு தெரிவிக்கணும், நீங்களும் தெரிவிக்கணும், அதுக்கு மேல சொன்ன அதே 15 நாள். முதல் ஸ்கூல் கான்ட்ராக்ட்ல "வேற எங்கயும் வேலை பார்க்க மாட்டேன்"னு ஒரு வரி இருக்கும், முக்கால்வாசி கான்ட்ராக்ட்ல இருக்கு. அதனால ஸ்கூல்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிட்டு அப்புறம் சென்டர்கிட்ட பேசுங்க.

சென்டர்காரங்க பேப்பர் போட மாட்டோம், கையில காசு தர்றோம்னு சொன்னா போகாதீங்க. புடிச்சா அவங்க அபராதம் கட்டிட்டு அடுத்த நாள் சென்டரைத் திறந்துருவாங்க, நம்ம பிள்ளைங்கதான் ஊருக்குத் திரும்பணும்.

சென்டர்ல இருந்து ஒரு ஹோட்டலுக்கு, ஃபேக்டரிக்கு போய் அங்க வேலை பார்க்குறவங்களுக்கு கிளாஸ் எடுக்கச் சொல்றாங்க?

சம்பளம் சென்டர் குடுக்குது, ஹோட்டல் சென்டருக்குத்தான் காசு கட்டுதுன்னா முதலாளி சென்டர்தான், கிளை பத்தி சொன்ன பதில் இதுக்கும் பொருந்தும். சென்டர் லெட்டர்ஹெட்ல "இந்த தேதியில இருந்து இந்த இடத்துக்கு நாங்கதான் அனுப்புறோம்"னு ஒரு கடிதம் வாங்கி பெர்மிட் காப்பியோட பையில வச்சுக்கங்க. ஹோட்டலே நேரடியா உங்களுக்கு காசு குடுத்தா அது ரெண்டாவது முதலாளி.

வீட்டு டியூஷன்?

ஸ்கூல் பெர்மிட் டியூஷனுக்கு செல்லாது. பிள்ளையோட அம்மா உங்களை வேலைக்கு வச்சிருக்கேன்னு ஆபீஸ்ல போய் தெரிவிக்கப் போறதில்லை, அப்ப அந்த வேலை எந்தப் பேப்பர்லயும் இல்லை. அங்க எல்லாரும் பண்றாங்கன்னு சொல்வாங்க. பண்றாங்கதான், பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு போன் போடுற வரைக்கும்.

பாங்காக்ல மாமா கல் கடை வச்சிருக்காங்க. சனி ஞாயிறு சும்மாதானே இருக்கேன், கடையில நிக்கட்டுமா?

நம்ம ஊர்ப் பிள்ளைங்க மட்டும் கேட்குற கேள்வி இது, ரொம்ப கவனமா படிங்க. டீச்சர் வேலைக்காவது ரெண்டாவது முதலாளியை சேர்க்க வழி இருக்கு, இதுக்கு அந்த வழியே கிடையாது. வெளிநாட்டுக்காரங்க பார்க்கக் கூடாத வேலைன்னு தாய்லாந்து ஒரு பட்டியல் வச்சிருக்கு, அதுல கடையில நின்னு விக்கிறதும் இருக்கு, வைரம், ரத்தினக்கல் வெட்டிப் பட்டை தீட்டுறதும் இருக்கு. டூரிஸ்ட் கைடு, முடி வெட்டுறதும் அதே பட்டியல்தான்.

மாமா வீட்டுக்குப் போங்க, சாப்பிடுங்க, தங்குங்க. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் போகாதீங்க. செக்கிங் வந்தவங்களுக்கு நீங்க மருமகனா வேலைக்காரனான்னு தெரியாது, கவுன்ட்டருக்குப் பின்னாடி நிக்கிறதுதான் தெரியும், உங்களால மாமாவுக்கும் அபராதம்.

காசு வாங்காம கோயில்ல, பள்ளிவாசல்ல, சர்ச்ல பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்தா?

சம்பளம் வாங்கலைங்கிற ஒரே காரணத்தை நம்பி இறங்காதீங்க. தினமும் ஒரே நேரத்துல போய் போர்டு முன்னாடி நின்னா பார்க்குறவங்களுக்கு அது வேலைதான். ஸ்கூல் நடத்துற இங்கிலீஷ் கேம்ப்னா வேற, அது உங்க முதலாளியோட வேலை, மாகாணம் தாண்டிப் போனாலும் ஸ்கூல் லெட்டர் ஒண்ணு கையில இருந்தா போதும்னு நான் சொல்வேன். வேற அமைப்பு கூப்பிட்டா மாகாண வேலைவாய்ப்பு ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டு எழுத்துல வாங்குங்க.

இங்க ராம்நாட்டுல இருந்துக்கிட்டே தாய் பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல எடுத்தா பெர்மிட் வேணுமா?

வேண்டாம். நீங்க தாய்லாந்துல இல்லை, அவங்க பெர்மிட் அவங்க நாட்டுக்குள்ள வேலை பார்க்குறதுக்கு. இங்க வருமான வரியில காட்டுறது உங்க பொறுப்பு. கொஞ்ச நாள் இப்படி எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் நேர்ல போறது நல்ல யோசனைன்னே சொல்வேன், ஸ்கூல் எப்படி நடந்துக்குதுன்னு முன்னாடியே தெரிஞ்சுரும்.

புடிச்சா என்ன பண்ணுவாங்க? ஜெயிலா?

பெர்மிட் இல்லாமலோ பெர்மிட்ல இல்லாத வேலையோ பார்த்தா 5,000ல இருந்து 50,000 பாத் வரைக்கும் அபராதம், கட்டுனதும் நாட்டை விட்டு அனுப்பிருவாங்க, அப்புறம் 2 வருஷத்துக்கு புது பெர்மிட் கிடைக்காது. வேலைக்கு வச்சவங்களுக்கு ஆளுக்கு 10,000ல இருந்து 1,00,000 பாத். திரும்பவும் அதே தப்பு பண்ணுன முதலாளிக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 50,000ல இருந்து 2,00,000 பாத், கூடவே 3 வருஷம் வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க முடியாது.

விசா முடிஞ்சும் தங்குனா அது தனிக் கணக்கு. ஒரு நாளுக்கு 500 பாத், அதிகபட்சம் 20,000. நீங்களா ஏர்போர்ட்ல போய் சொன்னாலும் 90 நாளைத் தாண்டியிருந்தா குறைஞ்சது ஒரு வருஷம் உள்ள விட மாட்டாங்க, அவங்களா புடிச்சா ஒரு வருஷத்துக்குக் கீழ இருந்தாலே 5 வருஷம், மேல போயிருந்தா 10 வருஷம்.

வருஷ நடுவுல ஸ்கூல் மாறுனா பழைய பெர்மிட்டையே வச்சுக்கலாமா?

சட்டத்துல முதலாளி மாறுனதை தெரிவிச்சாப் போதும்னு இருக்குறதால பெர்மிட் பக்கம் ஓரளவு வழி இருக்கு. சிக்கல் விசா பக்கம். ஒரு வருஷ நீட்டிப்பு அந்த ஸ்கூல் வேலையை வச்சுக் குடுத்தது, வேலை முடியுற அன்னிக்கே அதுவும் முடிஞ்சுரும். இமிகிரேஷன்ல கேட்டா 7 நாள் குடுப்பாங்க, அதுக்கும் 1,900 பாத். அதனால புது ஸ்கூல் பேப்பர் கையில இல்லாம பழைய ஸ்கூல்ல ராஜினாமா குடுக்காதீங்க, ரெண்டு ஸ்கூல் ஹெச்.ஆரையும் பேச வச்சு பழையது முடியுற தேதியையும் புதுசு தொடங்குற தேதியையும் ஒட்ட வைங்க. குருசபா அனுமதியையும் புது ஸ்கூல் பேர்ல கேட்கணும்.

அங்க ஸ்கூல் வருஷம் மே நடுவுல தொடங்கி மார்ச்ல முடியும், நிறைய கான்ட்ராக்ட் 10, 11 மாசத்துக்குத்தான். மார்ச் கடைசியில உங்க தங்குற அனுமதி என்னைக்கு முடியுதுன்னு பிப்ரவரியிலயே பாருங்க.

பெர்மிட்ல முடியுற தேதி 2570னு இருக்கு அண்ணே, தப்பா அடிச்சுட்டாங்களா?

தப்பு இல்லை, அது புத்த ஆண்டு. 543 கழிங்க, 2027. ஸ்கூல் லெட்டர், ரசீது எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கும், வாங்குனதும் நம்ம வருஷத்தை பென்சில்ல ஒரு காப்பியில எழுதி வைங்க.

ரெண்டு ஊர்ல கிளாஸ் இருக்குறதால ரெண்டு இடத்துல தங்குறேன். அதுக்கு ஏதாவது எழுதணுமா?

வெளிநாட்டு ஆள் தங்குனா வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள்ள இமிகிரேஷன்ல தெரிவிக்கணும், டி.எம்.30ன்னு சொல்வாங்க. வீட்டுக்காரர் பண்ணலைன்னாலும் விசா நீட்டிக்கப் போகும்போது உங்ககிட்டதான் அந்தச் சீட்டைக் கேட்பாங்க, அதனால வாடகை பேசும்போதே கேட்டுருங்க. தொடர்ந்து 90 நாள் நாட்டுக்குள்ள இருந்தா விலாசம் தெரிவிக்கிற 90 நாள் ரிப்போர்ட் தனி. பெருநாளுக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வர்றீங்கன்னா கிளம்புறதுக்கு முன்னாடி ரீ-என்ட்ரி பெர்மிட் எடுங்க, ஒரு தடவைக்கு 1,000 பாத், பல தடவைக்கு 3,800. எடுக்காம பிளைட் ஏறுனா ஒரு வருஷ நீட்டிப்பு அங்கயே போச்சு, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

பேப்பர் வேலைக்குன்னு பாஸ்போர்ட்டை ஏஜென்சி வாங்கி வச்சிருக்கு, குடுக்க மாட்டேங்குறாங்க

பெர்மிட் வேலைக்கு ஒண்ணு ரெண்டு நாள் வாங்குறது சகஜம்தான். வேலை முடிஞ்சும் வச்சிருக்குறது தப்பு. பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தோட சொத்து, இதை அப்படியே மெசேஜ்ல எழுதி கேளுங்க, குடுக்கலைன்னா பாங்காக்ல நம்ம தூதரகத்துக்கு எழுதுங்க. ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்டை எக்காரணம் கொண்டும் யார்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க, காட்டுங்க, காப்பி குடுங்க, கையோட வாங்கிருங்க.

வேலை மே சொட் பக்கம்ங்கிறாங்க, இன்டர்வியூவே இல்லை, டிக்கெட் அவங்களே போடுறாங்களாம். நம்பலாமா?

மே சொட்ல உண்மையான ஸ்கூல் நிறைய இருக்கு. ஆனா அது மியான்மர் எல்லை, ஆத்துக்கு அந்தப் பக்கம் மியாவாடி. தாய்லாந்துல வேலைன்னு கூட்டிட்டுப் போய் அங்க ஆன்லைன் மோசடி கூடாரத்துல அடைச்சு வச்ச கதை நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைங்களுக்கே நடந்துருக்கு, வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பர்லயே எச்சரிக்கை விட்டுச்சு.

பத்தாவது முடிச்சவங்க பாஸ்போர்ட்டுக்கு எமிகிரேஷன் கிளியரன்ஸ், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக நம்ம அரசாங்க அனுமதி, தேவையில்லை, அதனால டிகிரி முடிச்ச பிள்ளை கிளம்பும்போது இங்க யாரும் வேலைப் பேப்பரைப் பார்க்கப் போறதில்லை. நீங்களேதான் பார்க்கணும். ஏஜென்ட் பேரு ஈமைகிரேட்ங்கிற நம்ம அரசாங்க சைட்ல பதிவாயிருக்கான்னு தேடுங்க. ஸ்கூல் பேரை தாய் எழுத்துல வாங்கி மேப்புல போட்டுப் பாருங்க, அங்க இருக்குற நம்பருக்கு நீங்களே போன் பண்ணி இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமான்னு கேளுங்க. கிளாஸ் ரூமையும் ஹெட் டீச்சரையும் வீடியோ கால்ல காட்டச் சொல்லுங்க. பாங்காக்ல இறங்குனதும் கார்ல ஏத்தி ராத்திரியோட ராத்திரியா எல்லைப் பக்கம் கூட்டிட்டுப் போறோம்னு சொன்னா ஏறாதீங்க, ஏர்போர்ட்டுக்குள்ளயே நின்னு வீட்டுக்குப் போன் பண்ணுங்க, பாங்காக்ல நம்ம ஊர்க்காரங்க யாராவது தெரிஞ்சவங்க இருந்தா அவங்களுக்கும் ஒரு போன் போடுங்க, அவங்க வர்ற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராதீங்க.